மெல்லினம் இழந்த குழந்தைகள்

மூக்கடைத்திருக்கும் நாளில் 'அம்மா' என்று அழைத்துப் பாருங்கள்; 'அப்பா' என்பதுபோல் ஒலிக்கும். 'நான்' என்பது 'தாட்' என்று விழும். மெல்லெழுத்து ஆறும் தத்தம் இடங்களில் பிறப்பினும் மூக்கின் வளியும் சேர்ந்தே ஒலிக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்திருப்பதை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அவ்வளி தடைபட்டால் மெல்லினம் வல்லினத்தின் சாயலைக் கொண்டுவிடுகிறது. இந்த ஒலித்திரிபுக்குச் செவிகொடுத்த மருத்துவர் ஒருவரின் கதை இது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் மருத்துவம் பார்த்தவர் வில்ஹெல்ம் மேயர் (1824-1895). காது மந்தமாகி, பேச்சும் அடைத்தாற்போல் ஒலித்த இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். தொண்டையில் கண்ணுக்குப் புலப்படும் காரணம் ஏதுமில்லை. மேயர் தம் விரலை வாய்க்குள் செலுத்தி, உள்நாக்கின் பின்புறமாக மேல்நோக்கித் தடவிப் பார்த்தார். மூக்கின் பின்வாசலை மிருதுவான சதைத்திரள் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. வளையம் போன்ற சிறு கத்தியொன்றை மூக்கின் வழியே செலுத்தி அதை அகற்றும் முறையையும் அவரே வகுத்தார். 1868இல் டேனிஷ் மொழியில் இதை எழுதி வெளியிட்டார். 1870இல் அவர் கட்டுரை இலண்டனிலும் வெளிவந்தது. இன்று 'அடினாய்டு' என்று நாம் சொல்லும் சதைவீக்கம் இவ்வாறுதான் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது.

அச்சதை எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ளதே. வளரிளம் பருவத்தில் தானே சுருங்கிவிடும். அளவுக்கு மீறி வீங்கும்போதுதான் தொல்லை. மூச்சு வாய்க்கு இடம் மாறுகிறது; இரவில் குறட்டை; உறக்கம் கெடுகிறது. நடுச்செவிக்குக் காற்று செல்லும் குழாயின் வாய் அருகிலேயே இருப்பதால் அதுவும் அடைபட்டு, செவிக்குள் நீர் கோத்துக் கேள்வி மங்குகிறது. வாய் திறந்தபடி, சொன்னது காதில் விழாமல், தூக்கக் கலக்கத்துடன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு வகுப்பறை வைக்கும் பெயர் என்ன? மந்தன், மக்கு.

மேயர் கோபன்ஹேகன் பள்ளிக் குழந்தைகளிடையே இந்நோயைத் தேடிச் சென்றார். 1880களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் குயே, மூக்கடைப்பால் விளையும் கவனக்குறைவுக்குத் தனிப்பெயரே சூட்டினார். சோம்பல் என்று கருதப்பட்டது நோயின் விளைவாக இருக்கலாம் என்ற எண்ணம் பள்ளிக்குள் நுழைந்தது.

நுழைந்த எண்ணம் வரம்பில் நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிகளில் பரிசோதனையும் அறுவையும் பெருகின. 1906 ஜூனில் நியூயார்க்கின் கீழ் கிழக்குப் பகுதியில், புலம்பெயர்ந்த ஏழைகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டடத்திலேயே அடினாய்டு அறுவை நடந்தது. குழந்தைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்று வதந்தி பரவ, யூத, இத்தாலியத் தாய்மார்கள் பள்ளிகளை முற்றுகையிட்டனர், சன்னல்கள் நொறுங்கின. வதந்தி பொய்தான். ஆனால் அத்தாய்மார்களின் மொழியில் அமர்ந்து பேசி, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கியிருந்தால் அந்தப் பொய் அத்தனை வேகமாகப் பரவியிருக்குமா? ஒரு பெண்ணின் பேச்சுக்குச் செவிகொடுத்துப் பிறந்த மருத்துவம், நாற்பதாண்டுகளுக்குள் செவிகொடுக்க மறந்துபோனது.

இன்று எல்லா அடினாய்டுகளையும் அறுப்பதில்லை. மூச்சும் உறக்கமும் கேள்வியும் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளன என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள். மேயருக்குக் கோபன்ஹேகனில் 1898இல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

ஆசிரியர் தொழிலில் இருபதாண்டுகளைக் கடந்த நமக்கு இவ்வரலாறு சற்றே உறுத்துகிறது. "வாயைப் பிளந்துகொண்டு உட்காராதே" என்று நாமும் அதட்டியிருக்கிறோம். அந்தப் பிள்ளை 'மாமரம்' என்ற சொல்லை எப்படி ஒலித்தான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிறப்பியலைக் கற்பித்த நாம் அதைக் கேட்டிருக்க வேண்டாமா?