எலுமிச்சம்பழம் கிடைக்காத ஊரில் ஒரு சமையல் புத்தகம்

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தது. இங்கிலாந்து ஜெயித்தது. ஆனால் ஜெயித்த நாட்டின் அடுப்படியில் அந்தப் போர் முடிய இன்னும் ஒன்பது வருடம் ஆனது என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

1940 ஜனவரி 8-ந் தேதி பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் ரேஷன் வந்தது. மார்ச்சில் மற்ற இறைச்சி. ஜூலையில் டீத்தூள், ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது சுமார் 56 கிராம். (டீ குடிக்காத ஆங்கிலேயரை நினைத்துப் பாருங்கள்!) முட்டை வாரத்துக்கு ஒன்று, அதுவும் கிடைத்தால். இல்லாவிட்டால் டப்பாவில் வரும் முட்டைப் பொடி.

இதில் வணிகவியல் படிக்கிறவர்கள் ரசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இறைச்சியை மட்டும் எடை போட்டு அளக்கவில்லை, விலை போட்டு அளந்தார்கள். போர்க்காலத்தின் பெரும்பகுதி ஆளுக்கு வாரம் 1 ஷில்லிங் 2 பென்ஸ். நல்ல துண்டு வேண்டுமா, கொஞ்சமாக வாங்கிக்கொள். நிறைய வேண்டுமா, மட்டமான துண்டை வாங்கிக்கொள். 1941 டிசம்பரில் டப்பா உணவுகளுக்குப் புள்ளி முறை வந்தது. காசும் கொடுக்க வேண்டும், புள்ளியும் கொடுக்க வேண்டும். எந்தச் சரக்கு குறைகிறதோ அதற்குப் புள்ளியை ஏற்றுவார்கள், தேங்குவதற்கு இறக்குவார்கள். சந்தையை ஒழித்த இடத்தில் அரசாங்கமே ஒரு குட்டிச் சந்தையை நடத்தியது என்று சொல்லலாம்.

திட்டம் நியாயமானதுதான். ஏழைக் குழந்தைகள் முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. வயிறு நிறைந்தது. ஆனால் ருசி? உணவு மந்திரி வுல்டன் பிரபுவின் பெயரால் ஒரு பதார்த்தமே இருந்தது, உருளை, காரட், டர்னிப் எல்லாவற்றையும் வேகவைத்து மேலே மாவு மூடிய பை. லண்டன் சவாய் ஹோட்டல் சமையல்காரர் கண்டுபிடித்தது. அதைச் சாப்பிட்டவர்களில் மனமாரப் புகழ்ந்தவர்கள் குறைவு.

கொடுமை என்னவென்றால், போரின்போது ரேஷன் இல்லாமல் இருந்த ரொட்டிக்கு, போர் முடிந்த பிறகு 1946 ஜூலையில் ரேஷன் வந்தது! அடுத்த வருடம் உருளைக்கிழங்குக்கும் வந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான், 1946 ஆகஸ்டில், எலிசபெத் டேவிட் இங்கிலாந்து திரும்பினார். வயது 32.

எம்.பி.யின் மகள், சமையலுக்கு ஆள் வைத்த பெரிய வீடு. அந்தக் காலத்துப் பணக்கார ஆங்கிலக் குடும்பங்களில் குழந்தைகளுக்குத் தனிச் சாப்பாடு. பணம் இருந்தும் அது உப்புச் சப்பில்லாமல்தான் இருந்தது. பதின்வயதில் பிரெஞ்சு கற்க பாரிஸ் போனபோது, தங்கியிருந்த வீட்டின் சாப்பாட்டில்தான் முதல்முதலாக 'சாப்பாடு என்றால் இப்படியும் இருக்குமா' என்று தெரிந்தது. 21-வது பிறந்தநாளுக்கு அம்மா ஒரு சமையல் புத்தகம் பரிசளித்தார். நடிகை ஆகப் பார்த்தார், சரிப்படவில்லை. 1939-ல் ஒரு நடிகரோடு படகேறினார், அவரோ ஏற்கனவே கல்யாணமானவர். பிரான்சின் கால்வாய்கள் வழியாகத் தெற்கே போய், இத்தாலியில் படகைப் பறிகொடுத்து, கிரேக்கத் தீவு ஒன்றில் சில மாதங்கள் வாழ்ந்து, 1941-ல் ஜெர்மானியர்கள் வந்ததும் எகிப்துக்குத் தப்பி ஓடினார். கெய்ரோவில் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகத்தின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். போன இடத்திலெல்லாம் தக்காளி, ஆலிவ் எண்ணெய், பூண்டு, எலுமிச்சை. அங்கே ஒரு ராணுவ அதிகாரியை மணந்து, 1946-ல் டெல்லிக்கு வந்து, உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினார்.

அந்தக் குளிர்காலம் இங்கிலாந்துக்கே கொடுமையானது. 1947-ன் தொடக்கத்தில் ராஸ்-ஆன்-வை என்ற சிற்றூர் ஹோட்டலில் மாட்டிக்கொண்டார். கணப்பு இருந்தது. சாப்பாடுதான் பொறுக்கவில்லை. கோபம் தாளாமல் உட்கார்ந்து, மத்தியதரைக் கடல் பக்கத்துச் சமையலை எழுத ஆரம்பித்தார். வாதுமை, எலுமிச்சை, வெண்ணெய், அரிசி என்று எழுதுவதே அன்றைய இங்கிலாந்தில் கெட்ட வார்த்தை எழுதுவது மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

1949-ல் பத்திரிகைக் கட்டுரைகள். 1950-ல் ஜான் லேமன் பதிப்பகம் 'மத்தியதரைக் கடல் உணவுப் புத்தகம்' வெளியிட்டது. அட்டையில் ஜான் மின்டன் வரைந்த நீலக் கடல். ஆலிவ் எண்ணெயை மருந்துக் கடையில் சின்னச் சீசாவில் விற்ற காலம் அது. இறைச்சி ரேஷனோ 1951-ல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் புத்தகத்தில் முழு ஆட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் துருக்கிச் செய்முறை இருக்கிறது! யார் செய்ய? எங்கே செய்ய?

யாரும் செய்வதற்காக அதை வாங்கவில்லை என்பதுதான் விஷயம். படிப்பதற்காக வாங்கினார்கள். இது வசதியானவர்களின் கனவு, கூலிக்காரர் வீட்டு அடுப்புக்கு இதில் ஒன்றுமில்லை என்று ஒரு குறை சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் பத்து வருடம் 'இருப்பதை வைத்துச் சமாளி' என்றே கேட்டுப் பழகிய காதுக்கு, 'இப்படியும் சமைக்கலாம்' என்று ஒரு குரல் வேண்டியிருந்தது. சமையல் கடமையாகிவிட்ட வீட்டில் அது மறுபடி ஆசையாக மாற, முதலில் யாராவது ஆசையைக் கிளப்ப வேண்டாமா?

ஆசைக்குப் பின்னாலேயே சரக்கும் வந்தது. 1952-ல் டீக்கும், 1953-ல் மிட்டாய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் போனது. கடைசியாக 1954 ஜூலை 4-ல் இறைச்சிக்கும். அடுத்த வருடமே புத்தகம் பெங்குவின் மலிவுப் பதிப்பாக வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் எழுத்தில் மட்டும் இருந்த பண்டங்களில் பலவற்றை இப்போது தேடினால் வாங்க முடிந்தது. 1965-ல் லண்டனில் சமையல் பாத்திரக் கடை ஒன்றும் திறந்தார்.

1963-ல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, உப்பின் ருசியை உணர்வதில் குறை வந்துவிட்டது. சமையல் எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனாலும் எழுதுவதை விடவில்லை. 1977-ல் வெளியான அவருடைய தடித்த புத்தகம், ஐந்நூறு பக்கங்களுக்கு மேல், வேறு எதைப் பற்றியும் இல்லை. 1946-ல் அவர் ஊர் திரும்பிய மாதத்தில் ரேஷனில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்களே, அந்த இங்கிலாந்து ரொட்டியைப் பற்றி, அதை வீட்டிலேயே சுடுவது எப்படி என்று.