தேவாலயத்தில் துப்பாக்கி இருக்கலாமா? - இரு மனத்தோடு அமெரிக்கக் கிறிஸ்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு. வாசலில் நிற்கும் தொண்டூழியர் உங்களைப் பார்த்துப் புன்னகைக்கிறார், கைகுலுக்குகிறார். அவருடைய கோட்டுக்குள் குண்டு நிரப்பிய துப்பாக்கி இருக்கிறது.

சிங்கப்பூரில் இதைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது. பிறரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு துப்பாக்கியால் சுட்டாலே மரண தண்டனை விதிக்கப்படும் ஊர் இது. ஆனால் அமெரிக்காவின் டெக்சஸ் போன்ற மாநிலங்களில் அது புதிதல்ல.

பகைவரையும் நேசிக்கச் சொன்னவர் இயேசு. அவரைப் பின்பற்றுவோர் துப்பாக்கியோடு வழிபாட்டுக்கு வருவது எப்படி? செய்தியைப் படிக்கும்போது உங்களுக்கும் அந்தக் கேள்வி வந்திருக்கலாம்.

ஏன் இந்த நிலை?

2017 நவம்பர் 5. டெக்சஸில் உள்ள சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஓர் ஆடவர் கண்மூடித்தனமாகச் சுட்டார். 26 பேர் மாண்டனர். கருவில் இருந்த சிசுவும் அந்தக் கணக்கில் அடக்கம். அவரை எதிர்த்துச் சுட்டு விரட்டியவர் அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒருவர்.

2019 டிசம்பர் 29. அதே மாநிலத்தின் வைட் செட்டில்மெண்ட் நகரம். வழிபாட்டுக்கு வந்த ஓர் ஆடவர் எழுந்து இருவரைச் சுட்டுக் கொன்றார். தேவாலயத்தின் பாதுகாப்புக் குழுத் தொண்டூழியர் உடனே அவரைச் சுட்டு வீழ்த்தினார். எல்லாம் சுமார் 6 விநாடிகளில் முடிந்தது. வழிபாடு இணையத்தில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காணொளியைப் பார்த்தவர்களிடம் போய், துப்பாக்கி வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமல்ல. "அன்னிக்கு அவர் கையில துப்பாக்கி இல்லன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். தட்டிக்கழிக்க முடியாத கேள்விதான்.

பைபிள் என்ன சொல்கிறது?

இரு தரப்பும் அதே புத்தகத்தைத்தான் கையில் வைத்திருக்கின்றன.

இயேசுவைக் கைது செய்ய வந்தபோது சீடர் ஒருவர் வாளை உருவினார். இயேசு அவரைத் தடுத்தார், வாளை எடுப்பவர் வாளாலேயே அழிவார் என்று எச்சரித்தார். மத்தேயு நற்செய்தியில் இது வருகிறது.

ஆனால் லூக்காவில், அதே இரவில், வாள் இல்லாதவர் தன் மேலாடையை விற்றாவது ஒன்று வாங்கிக்கொள்ளட்டும் என்றும் அவர் சொல்கிறார். சீடர்கள் இரண்டு வாள்களைக் காட்டுகிறார்கள். "போதும்" என்கிறார்.

அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை விளக்கம்! தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்க இயேசுவே அனுமதித்தார் என்கிறது ஒரு தரப்பு. "போதும், இந்தப் பேச்சை விடுங்கள்" என்ற சலிப்புதான் அது என்கிறது மறு தரப்பு. 12 பேருக்கு 2 வாள் எந்தத் தற்காப்புக்குப் போதும் என்பது அவர்களின் வாதம்.

தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களில் பலர் படையில் சேர்ந்து ஆயுதம் ஏந்துவதை எதிர்த்தனர். வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற இளைஞர் ரோமானியப் படையில் சேர மறுத்ததற்காக 295ஆம் ஆண்டு கொல்லப்பட்டார். பின்னர் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை ஆதரித்தார். அதன்பிறகு நிலைமை மாறியது. பிறரைக் காக்க ஆயுதம் எடுப்பது சில சூழல்களில் நியாயமே என்று புனித அகஸ்டின் எழுதினார். பெரும்பாலான திருச்சபைகள் இன்றும் ஏறக்குறைய அந்த வழியில்தான் நிற்கின்றன.

முற்றிலும் மறுப்பவர்கள் யார்?

மென்னோனைட்டுகள், குவேக்கர்கள், ஆமிஷ் சமூகத்தினர். எண்ணிக்கையில் சிறியவர்கள். யெகோவாவின் சாட்சிகளும் ராணுவச் சேவையை மறுப்பவர்கள். தேசியச் சேவையை அவர்கள் ஏற்காததால் சிங்கப்பூரில் அந்த அமைப்பின் பதிவு 1972இல் ரத்து செய்யப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள்: ஆமிஷ் வீடுகளில் துப்பாக்கி இருக்கும். மான் வேட்டைக்குப் போவார்கள். மனிதர் மீது அதைத் திருப்பக் கூடாது என்பதே அவர்களுடைய விதி.

அந்த விதிக்குச் சோதனை வந்த நாள் 2006 அக்டோபர் 2. பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் பகுதியில் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கியோடு ஓர் ஆடவர் புகுந்தார். 10 சிறுமிகளைச் சுட்டார். ஐவர் மாண்டனர். அவரும் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

அன்றே ஆமிஷ் மக்கள் சிலர் அந்த ஆடவரின் குடும்பத்தைத் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள். அவருடைய நல்லடக்கத்துக்கும் போனார்கள். தன் பிள்ளையைப் புதைத்த கையோடு கொன்றவரின் மனைவிக்கு ஆறுதல் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

எல்லாரும் அதைப் பாராட்டவில்லை. இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பதா என்று கடிந்துகொண்டவர்களும் உண்டு. மன்னித்ததால் வேதனை போய்விட்டதென்று ஆமிஷ் மக்களும் சொல்லவில்லை. அடுத்த சில நாள்களில் பள்ளிக்கூடத்தை இடித்துத் தள்ளினர். அந்த இடத்தைப் புல்வெளியாக விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி வேறொரு பள்ளி கட்டினர்.

துப்பாக்கியை உருக்கும் பட்டறை

வாளை அடித்து விவசாயக் கருவியாக்கும் காலம் வரும் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதைச் சிலர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 2012 டிசம்பரில் சேண்டி ஹூக் பள்ளியில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு கொலராடோவில் மென்னோனைட் பின்னணி கொண்டோர் 'ராடூல்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். மக்கள் தாமாகக் கொடுக்கும் துப்பாக்கிகளை அறுத்து, உலையில் காய்ச்சி, தோட்டக் கருவிகளாக அடிக்கிறார்கள். துப்பாக்கிக்கு உறவினரைப் பறிகொடுத்தவர்களும் வந்து சுத்தியலைப் பிடிப்பதுண்டு.

மார்ட்டின் லூதர் கிங்கிடமும் துப்பாக்கி இருந்ததா?

இருந்தது. 1956 ஜனவரி 30ஆம் தேதி மாண்ட்கமரியில் அவர் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். இருவருக்கும் காயமில்லை. அதன்பின் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. இருந்தாலும் வீட்டில் ஆயுதம் இருந்தது, காவலுக்கு நின்றவர்களிடமும் இருந்தது.

அறவழிப் போராட்டத்தை நடத்தும் ஒருவர் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. மனைவி கொரெட்டாவோடு பேசி, கடைசியில் அதை வீட்டைவிட்டு அகற்றினார். துப்பாக்கியைத் துறந்த பிறகுதான் பயமும் குறைந்தது என்று பின்னர் எழுதினார்.

1968 ஏப்ரல் 4ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 6 ஆண்டுகள் கழித்து, 1974 ஜூன் 30ஆம் தேதி, அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் ஆல்பர்ட்டாவும் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவருக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கிங் குடும்பம் மரண தண்டனையை எதிர்த்தது. பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.