பஞ்ச காலத்து அடைக்கலம்

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து நெல் கண்மாய்களை நம்பியது. கண்மாய்களோ பருவமழையை நம்பியவை. திருநெல்வேலி மாவட்டத்தோடு இவ்வட்டாரம் இணைந்திருந்த காலத்தில், 1876இல் மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் மூண்டது. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். தென்மாவட்டத்தார் பல்லாயிரவர் பிழைப்புத் தேடி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1983இல், இலங்கைத் தமிழர் அகதிகளாக இக்கரை சேர்ந்தனர். முந்திய ஆண்டின் வறட்சியால் தமிழகம் வாடியிருந்த வேளை அது. எனினும் முகாம்கள் எழுந்தன. இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் அவை அமைந்தன. முகாம்வாசிகளுக்குக் கிலோ 57 காசு விலையில் அரிசி வழங்கப்பட்டு வந்தது.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் 'ஆமுர் ரமாதா' எனும் சாம்பல் ஆண்டை இங்கு நினைவுகூர்கிறோம். பசித்த பாலைவாசிகள் திரண்டு வந்தபோது மதீனாவும் வறண்டே கிடந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா முதலிய பகுதிகளிலிருந்து தானியம் வரவழைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். மக்களின் துயர் நீங்கும்வரை தாம் நெய்யுண்ண மறுத்தார்கள்.

மழை மனிதர் வசம் இல்லை. கிடைத்த தானியத்தைப் பங்கிடுவது நம் வசமே உள்ளது. நேற்று அடைக்கலம் தேடியவரே இன்று அடைக்கலம் தருவோராகலாம் என்பதை நம் மண்ணின் வரலாறே உணர்த்துகிறது.