ஆல்ட்+2 பிறந்த கதை

1993-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவில் மார்க் டர்டின் என்ற இளைஞர் லாவோ மொழியைக் கணினியில் தட்ட வழி தேடினார். கையில் இருந்ததோ ஆங்கில விசைப்பலகை. விரல் தட்டுவதை நடுவில் மறித்து, வேறு எழுத்தாக மாற்றித் திரைக்கு அனுப்பும் மென்பொருள் ஒன்றை எழுதினார். பெயர் கீமேன். லாவோவுக்காகப் பிறந்த அந்தப் பொருளுக்குத் தமிழில் வேறொரு வேலை காத்திருந்தது.

அப்போது தமிழ்க் கணினி உலகம் சிதறிக் கிடந்தது. ஒரு கடையில் தட்டியது அடுத்த கடையில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு, தமிழ்99 விசைப்பலகைக்கு வழி செய்தது. ஆனாலும் டைப்ரைட்டிங் படித்தவர்கள் பழைய பலகையை விடவில்லை. இணையத்தில் எழுத வந்தவர்கள் ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்தே தட்டினார்கள். குறியீட்டிலும் திஸ்கியா, யூனிகோடா என்று இழுபறி. போதாததற்கு, ஒரே கடிதத்தில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். மௌசைத் தொடாமல் தாவுவது எப்படி?

அதற்கு விடையாக, முகுந்தராஜும் தமிழா குழுவினரும் கீமேனை உள்ளே வைத்து எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைச் செய்தார்கள். ஆல்ட் விசையோடு 2-ஐ அழுத்தினால் யூனிகோடு தமிழ்! அழகான ஏற்பாடு அது. 2007-இல் சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்.எச்.எம். ரைட்டரிலும் ஆல்ட்+1 தமிழ்99, ஆல்ட்+2 ஒலிபெயர்ப்பு. ஆயிரமாயிரம் விரல்கள் பழகிக்கொண்டன. வினையும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தது.

வேர்ட் 2007-இன் மேல் மூலையில் சின்னப் பட்டை ஒன்று முளைத்திருந்தது. அதிலிருந்த பொத்தான்களுக்கும் ஆல்ட்டோடு எண்தான் குறுக்குவழி: 1 என்றால் சேவ், 2 என்றால் கடைசியாகச் செய்ததை நீக்கும் அன்டூ. தமிழ் மென்பொருள் விழித்திருக்கும்வரை விசையை அது முந்திப் பிடித்துக்கொண்டது, வேர்டுக்கு விட்டதில்லை. அது முடங்கிய நேரங்களில்?

தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு டைப்பிங் கடையில் அதைக் கண்ணால் பார்த்தேன். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்த பெரியவர் மனு சொல்லச் சொல்ல, கடைப்பெண் தட்டிக்கொண்டிருந்தாள். படகின் பதிவெண்ணை ஆங்கிலத்தில் அடித்தாள். தமிழுக்குத் திரும்ப ஆல்ட்+2. பதிவெண் மறைந்தது. மறுபடி அழுத்தினாள், அதற்கு முந்தைய வரியும் போனது.

“எழுதினது எங்க போச்சு மக்ளே?” பெரியவர் பதறினார்.

அவள் பதறவில்லை. கன்ட்ரோல்+ஒய்-ஐ இரண்டு முறை தட்டினாள், போனதெல்லாம் வந்தது. திரையின் கீழ் மூலையில் என்.எச்.எம். மணிச் சின்னத்தைத் தேடினாள். அது இல்லை, மென்பொருள் நின்றுபோயிருந்தது. மறுபடி ஓடவிட்டாள். பிறகு வேர்டின் பட்டையிலிருந்து அன்டூ பொத்தானையே எடுத்துவிட்டாள். அன்டூ வேண்டிய நேரத்துக்குக் கன்ட்ரோல்+இசட் இருந்தது.