ஒரு தெருவின் இரு பக்கங்கள்

கொள்ளைநோயை விதியென்போருக்கு ஜேர்மனியிலுள்ள ஒரு தெருவைக் காட்ட விரும்புகின்றோம். ஒரு பக்கம் ஹம்பேர்க் துறைமுக நகர். மறுபக்கம் அயல் நகரான அல்டோனா. இரண்டும் எல்பே ஆற்று நீரையே குடித்தன. ஹம்பேர்க்கின் கழிவு கலந்த கீழ்நீரே அல்டோனாவுக்குக் கிடைத்தது. ஆயினும், அந்நகர் 1859 தொடக்கம் நீரை மணலில் வடித்தே குழாயில் விட்டது; ஹம்பேர்க் வடிக்கவில்லை. 1892 இல் கொலரா வந்தபோது ஹம்பேர்க்கில் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அத்தெருவின் எதிர்ப்பக்கமோ பெரும்பாலும் தப்பியது.

ஹம்பேர்க் வறிய நகரன்று. பெருவணிகர் ஆண்ட செல்வ நகர். வடிகட்டும் செலவை யார் இறுப்பதென்று அவர்கள் ஆண்டுக்கணக்காக வாதிட்டனர். ஆகஸ்ட் நடுப்பகுதியில் நோய் தோன்றியும், வாணிபம் முடங்குமென அஞ்சி ஒரு வாரமளவும் அதனை ஒப்புக்கொண்டாரில்லை. அதற்குள் குடிபெயர்வோரை ஏற்றிய கப்பல் நியூயோர்க் நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

நீரைக் கொதிக்கவைக்குமாறு கூறும் துண்டுப்பிரசுரங்களைத் தொழிலாளர் குடியிருப்புகளில் விநியோகிக்க ஆட்சியாளர் யாரை நாடினர்? தாம் அதுவரை அடக்கிவந்த சமூக ஜனநாயகவாதிகளையே! 1890 இல் ஜேர்மன் பாராளுமன்றத்துக்கான ஹம்பேர்க்கின் மூன்று ஆசனங்களையும் வென்ற அக்கட்சிக்கு, பணங்கட்டிக் குடியுரிமை பெற்றோரே வாக்களித்த நகரசபையில் ஓர் ஆசனமேனும் இருக்கவில்லை.

வடித்த நீர் 1893 இல் வந்தது. அக்கட்சியின் முதல் உறுப்பினர் நகரசபையுட் புகுந்தது 1901 இலேதான்.