ஜப்பானிய மேப்பிள் மரத்தின் கோடைக்காலக் கவாத்து

ஜப்பானிய மேப்பிள் மரத்தின் கோடைக்காலக் கவாத்து என்பது, அழகுக்காக வளர்க்கப்படும் மேப்பிள் மரங்களின் சிறுகிளைகளை, இலைகள் முழுமையாக விரிந்து முற்றிய பின்னர் அளவாக நீக்கும் தோட்டக்கலைச் செயன்முறை ஆகும். வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளில் இது பெரும்பாலும் ஜூலை முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையும், தென் அரைக்கோளத்தில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலும் செய்யப்படுகின்றது. மரத்தின் உயரத்தைக் குறைப்பது இதன் நோக்கமன்று. கிளைகளுக்கு இடையே ஒளியும் காற்றும் புகுமாறு அடர்த்தியைக் குறைப்பதும், மரத்தின் இயல்பான வடிவத்தை வெளிக்கொணர்வதுமே நோக்கமாகும்.

மரம்

ஜப்பானிய மேப்பிள் ஜப்பானையும் கொரியாவையும் தாயகமாகக் கொண்ட இலையுதிர் மரமாகும். 1775–1776 காலப்பகுதியில் ஜப்பானில் தங்கியிருந்த சுவீடனைச் சேர்ந்த தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க், 1784 இல் இதற்கு ஏசர் பால்மாட்டம் என்னும் அறிவியற் பெயரை வழங்கினார். விரித்த உள்ளங்கை போன்ற இலையின் வடிவமே இப்பெயருக்குக் காரணம். மேப்பிளைக் குறிக்கும் கயெதே என்னும் ஜப்பானியச் சொல்லோ தவளையின் கை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததாகக் கூறப்படுகின்றது.

இம்மரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயிரிடும்வகைகள் உள்ளன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழ்ந்த ஜே. டி. வெர்ட்ரீசு 1978 இல் வெளியிட்ட நூல், இவ்வகைகளை ஆங்கிலத்தில் விரிவாகத் தொகுத்த முன்னோடி நூலாகும். கவாத்தைப் பொறுத்தவரை இவற்றை நிமிர்ந்து வளர்பவை, நுண்ணிய பிளவுகளுடைய இலைகளோடு குடை போல் தாழ்ந்து படர்பவை என இரண்டாகப் பிரித்தாலே போதும். இரண்டும் மெதுவாக வளர்வன. எனவே தவறான இடத்தில் வெட்டிய ஒரு கிளையின் வெற்றிடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். சில வேளைகளில் நிரம்புவதே இல்லை.

பருவமும் சாறு வடிதலும்

மேப்பிள் இன மரங்களைக் குளிர்காலத்தின் பிற்பகுதியிலோ இளவேனிலின் தொடக்கத்திலோ வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு வடியும். இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்கும் வெப்பநிலை பகலில் அதற்கு மேல் உயரும்போது தண்டினுள் அழுத்தம் உண்டாகின்றது. கனடாவில் சர்க்கரை மேப்பிளைத் துளையிட்டுப் பாகுக்கான சாறு எடுக்க உதவுவதும் இவ்வழுத்தமே. இலைகள் விரிந்த பின்னர் நிலைமை தலைகீழாகின்றது. ஆவியுயிர்ப்பினால் நீர் மேல்நோக்கி இழுக்கப்படுவதால் வெட்டுவாயில் சாறு வெளிவருவதில்லை. சாறு வடிந்தே மரம் பட்டுப்போகும் என்னும் பரவலான அச்சம் மிகையானது. ஆயினும், தவிர்க்கக்கூடிய ஒன்றைத் தவிர்ப்பதே நன்று.

கோடையின் மற்றொரு நன்மை பார்வை சார்ந்தது. இலையற்ற மரத்தில் பட்டுப்போன சிறுகிளையையும் உயிருள்ளதையும் பிரித்தறிவது கடினம். கோடையில் இலையில்லாத கிளை எதுவென்று உடனே தெரியும். எப்பகுதி அடர்ந்து உட்புறத்தை இருளாக்குகின்றது என்பதும் தெரியும்.

மூன்றாவது காரணம் உணவுச் சேமிப்பு. குளிர்காலத்தில் கிளைகளை மிகுதியாக நீக்கினால், வேரிலும் தண்டிலும் சேமிக்கப்பட்ட மாவுச்சத்து எஞ்சிய சில மொட்டுகளுக்கே செல்லும். நீண்ட, நேரான போத்துகள் வேகமாகக் கிளம்பும். கோடையில் அச்சேமிப்பின் பெரும்பகுதி இலைகளாக மாறிவிட்டதால் மறுவளர்ச்சி அடங்கியிருக்கும். ஆனால் இந்த நன்மையே ஆபத்தும் ஆகும். அடுத்த ஆண்டுக்கான உணவைச் செய்துகொண்டிருக்கும் இலைகளையே இங்கு நாம் நீக்குகின்றோம். ஆகவே ஒரு பருவத்தில் பசுமையான பகுதியின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீக்காதிருப்பது பாதுகாப்பானது. புதிதாக நட்ட மரத்திலும் நோயுற்ற மரத்திலும் பட்ட கிளைகளை மட்டுமே எடுக்க வேண்டும்.

பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைக் கழகம், மரம் உறங்குநிலையில் இருக்கும் நவம்பர் முதல் பெப்ரவரி வரையிலான காலத்தையே பரிந்துரைக்கின்றது. ஜப்பானியத் தோட்டக்காரர்களோ கோடையில் இலேசாக ஒரு முறையும், இலை உதிர்ந்த பின் ஒரு முறையும் கிளைகளை ஐதாக்குவதுண்டு. தடித்த கிளைகளை நீக்கவும் அடிப்படை அமைப்பைத் திருத்தவும் இலை உதிர்ந்த பிந்தைய காலமே ஏற்றது. விரலளவுக்குக் குறைந்த கிளைகளுக்கே கோடை பொருந்தும்.

வெட்டும் முறை

பணி வெளியிலிருந்து அல்லாமல் உள்ளிருந்து தொடங்கப்படுகின்றது. தாழ்ந்து படரும் வகைகளில் இலைக்குடையை உயர்த்தி, அதனடியில் சேர்ந்துள்ள பட்ட குச்சிகளை முதலில் எடுக்க வேண்டும். பெரும்பாலான மரங்களுக்கு இதுவே பாதி வேலை. பின்னர் ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் ஒன்று, தண்டை நோக்கி உட்புறமாகத் திரும்பும் கிளைகள், ஒன்றன்மேல் ஒன்றாக இணையாகப் படிந்தவை என்பன நீக்கப்படுகின்றன. ஒவ்வொரு சில வெட்டுகளுக்கும் பின் சற்று விலகி நின்று மரத்தைப் பார்ப்பது அவசியம்.

மேப்பிளில் மொட்டுகள் கணுவின் இருபுறமும் எதிரெதிராக அமைந்துள்ளன. ஆகவே ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் இரு கிளைகள் கவையாகக் கிளம்பும். ஒன்றே வேண்டுமெனில் மற்ற மொட்டைக் கிள்ளிவிடலாம். கணுக்களுக்கு நடுவில் வெட்டினால் எஞ்சும் துண்டு கணு வரை காய்ந்துவிடும்.

முழுக் கிளையையும் நீக்கும்போது, அது தண்டுடன் சேருமிடத்திலுள்ள சிறு புடைப்பை விட்டு அதன் விளிம்பில் வெட்ட வேண்டும். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்பு அமைத்து அதை ஒதுக்கிவிடுகின்றது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்சு சைகோ 1970களில் விளக்கினார். அத்தடுப்புக்கு உதவும் திசு இப்புடைப்பில் உள்ளது. வெட்டுவாயில் பூசும் தார், சாயம் போன்றவை அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவர் காட்டினார்.

தோட்ட வேலிகளைச் சமப்படுத்தும் நீண்ட கத்தரியால் இம்மரத்தை உருண்டையாக வெட்டுவதும், உச்சியை வெட்டிக் குட்டையாக்குவதும் மிகப் பெரும் பிழைகள். உச்சி வெட்டப்பட்ட இடத்தில் துடைப்பம் போல் போத்துகள் கிளம்பிச் சில ஆண்டுகளில் பழைய உயரத்தை எட்டும். வடிவம் மட்டும் திரும்புவதில்லை. இத்தகைய வெட்டுக்கு எதிராகச் சியாட்டில் நகரில் காசு டர்ன்புல் 1987 இல் ஓர் அமைப்பையே தொடங்கினார். இடத்துக்குப் பெரிதாகிவிட்ட மரத்தை வேறிடத்துக்குப் பெயர்த்து நடுவது மேல்.

வெப்பமும் நோயும்

இம்மரத்தின் பட்டை மெல்லியது. நிழலில் இருந்த கிளைகள் திடீரென வெயிலுக்கு உட்பட்டால் பட்டை வெடித்துக் கருகும். வெப்ப அலையின்போதும் அதற்கு முந்திய நாட்களிலும் கவாத்து செய்தலாகாது. 2021 ஜூன் 28 அன்று ஓரிகனின் போர்ட்லாந்து நகரில் வெப்பநிலை 46.7 பாகை செல்சியசை எட்டியபோது, அப்பகுதியில் பல மரங்களின் வெயில் பட்ட பக்க இலைகள் கருகின. அத்தகைய நாட்களில் ஒவ்வோர் இலையும் கிளைக்கு நிழலாகும். நீண்ட வறட்சியில் முதலில் நீர் பாய்ச்சி, கவாத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

கோடை நடுவில் ஒரு கிளை மட்டும் திடீரென வாடினால் அது மண்வழிப் பரவும் வெர்ட்டிசிலியம் வாடல் நோயாக இருக்கலாம். அக்கிளையைக் குறுக்கே வெட்டினால் மரக்கட்டையில் பச்சை கலந்த பழுப்புக் கறை காணப்படலாம். இந்நோய்க்கு மருந்து இல்லை. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குச் செல்லுமுன் கத்தரியை 70 விழுக்காட்டு ஆல்ககாலால் துடைப்பது நல்லது.

ஒட்டுக்குக் கீழிருந்து எழும் போத்துகள்

பெயருள்ள வகைகள் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்ந்த வேர்ச்செடியின் மீது ஒட்டுக்கட்டப்பட்டவை. ஒட்டு இடத்துக்குக் கீழே கிளம்பும் போத்து வேர்ச்செடிக்கு உரியது. பெரும்பாலும் பச்சை இலைகளுடன் வேகமாக வளர்ந்து மேலுள்ள வகையை மூடிவிடும். சிவப்பு இலை மரம் பச்சையாக மாறிவிட்டது என்று கூறப்படுவனவற்றுட் சில இவ்வாறு நேர்ந்தவையே. இப்போத்துகளுக்குப் பருவம் பார்க்க வேண்டியதில்லை; கண்டவுடன் அடியோடு நீக்கிவிடலாம்.