குளிர்நாட்டில் ஒரு கொடி

கி.பி. 98 அளவில் பிரித்தானியாவைப் பற்றி எழுதிய உரோம வரலாற்றாசிரியர் டாசிற்றஸ், ஒலிவும் திராட்சையும் போன்ற சூடான நாட்டுப் பயிர்களைத் தவிர மற்றவை அங்கே விளையும் என்றார். யவனர் கலத்தில் வந்த தேறலைச் சங்கச் செய்யுளிற் படிப்பிக்கும் என் போன்றோருக்கு இது சுவையான குறிப்பு. தமிழகம்வரை மது அனுப்பிய பேரரசு, தன் வடகோடி மாகாணத்தைத் திராட்சைக்கு ஆகாத குளிர்நாடென்று ஒதுக்கியிருந்தது.

அந்த நாட்டில் 2023ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து இரண்டு கோடிப் போத்தல்களுக்கு மேல் வைன் கிடைத்தது. உலகம் வெப்பமடைவதற்கு இதுவே சாட்சி என்கிறார்கள் சிலர். வேறு சிலரோ, 1086இல் வில்லியம் மன்னன் எடுப்பித்த டூம்ஸ்டே நிலக்கணக்கைக் காட்டுகிறார்கள். அதிலே நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் திராட்சைத் தோட்டங்கள் பதிவாகியுள்ளன. முன்பும் விளைந்ததுதானே, இதிலென்ன புதுமை என்பது அவர்கள் வாதம்.

ஏட்டை வாசித்தால் மட்டும் போதாது, நேயர்களே. ஏன் நட்டார்கள் என்றும் கேட்கவேண்டும். துறவிகளுக்குப் பூசைக்கு வைன் வேண்டும், புளித்தாலும் பாதகமில்லை. நோர்மானியப் பிரபுக்களுக்கோ அது ஊர்ப்பழக்கம். 1152இல் அக்குவித்தேன் நாட்டு எலியனோரை மணந்த ஹென்றி, ஈராண்டின் பின் இங்கிலாந்தின் மன்னனானான். மனைவியின் சீதனத்தோடு போர்தோ வைனுக்கும் வழி திறந்தது. நல்ல சரக்கு கப்பலில் வந்திறங்கும்போது புளித்ததை யார் வளர்ப்பார்? 1348இன் கொள்ளைநோய் கூலியாட்களைக் கொண்டுபோயிற்று. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தான். அந்தத் தோட்டங்கள் வளர்ந்ததிலும் அழிந்ததிலும் வெயிலின் பங்கைவிட மனிதரின் பங்கே பெரிதென்பது என் எண்ணம்.

இன்றைய கதை வேறு. 1950களின் தொடக்கத்தில் ஓய்வுபெற்ற தளபதி சேர் கை சாலிஸ்பரி ஜோன்ஸ் ஹாம்ப்ஷயரிலே ஹம்பிள்டன் என்னும் ஊரில் கொடி நட்டார். அவருக்குப் பின்வந்த பலரும், குளிரிலும் விரைந்து பழுக்கும் ஜேர்மனிய இனங்களையே நம்பினார்கள். 1988இல் சிக்காகோவிலிருந்து வந்த மொஸ் தம்பதியர், சசெக்ஸில் நைற்றிம்பர் என்ற பழைய பண்ணையில், ஷம்பேனுக்குரிய ஷார்டனே, பினோ இனங்களைத் துணிந்து நட்டார்கள். ஆப்பிள் நடுங்கள் என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. ஷம்பேன் மாவட்டத்தின் சுண்ணக்கல் கடலுக்கு அப்பால் தென்னிங்கிலாந்திலும் தொடர்கிறது. நுரைக்கும் வைனுக்குப் பழத்தின் புளிப்பும் வேண்டும். ஆகவே அந்நாட்டின் இளஞ்சூடு அதற்குப் பொருந்தியது. 1992இன் அறுவடையில் உருவான முதல் வைன் பின்னர் பரிசுகள் பெற்றது.

வெப்பத்தை அளக்க இன்னொரு ஏடும் உண்டு. பிரான்சின் போன் நகரில், பழம் பறித்தவர்களுக்குத் தேவாலயம் கூலி கொடுத்த பழைய கணக்குகளும் பிற பதிவுகளும் 1354 முதல் அறுவடைத் திகதிகளைச் சொல்கின்றன. கூலிக்கணக்கு எழுதிய எழுத்தர் காலநிலையைப் பதிந்ததாகக் கனவிலும் நினைத்திரார்! அவற்றைத் தொகுத்து 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, 1987 வரை சராசரியாகச் செப்டெம்பர் 28இல் தொடங்கிய அறுவடை, 1988 முதல் 13 நாட்கள் முந்திவிட்டது. நைற்றிம்பரிற் கொடி நட்ட அதே ஆண்டு. தற்செயல்தான், எனினும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இச்சூடு குடியானவனுக்கு முழுவரமாக வாய்த்துவிடவில்லை. முன்கூட்டித் துளிர்த்த மொட்டுகளை 2017 ஏப்ரல் கடைசியில் உறைபனி கருக்கியது. கொடிகளுக்கிடையே இரவெல்லாம் மெழுகுதிரி ஏற்றிக் காவலிருந்தார்கள். 2024இன் மழையில் விளைச்சல் முன்னைய ஆண்டின் பாதியளவாகச் சரிந்தது.

அப்படியிருந்தும் பிரெஞ்சுக்காரரே கடல் கடந்து நிலம் தேடி வந்தார்கள். ஷம்பேன் செய்யும் தெத்தேஞ்ஜே நிறுவனம் 2015இல் கென்ற் மாவட்டத்தில் நிலம் வாங்கி, 2017இல் கொடி நட்டது. தோட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் எவ்ரமோன். சென் எவ்ரமோன் ஓர் எழுத்தாளர். அமைச்சர் மசரினைக் கடிதமொன்றில் குத்திக்காட்டியமை வெளிப்பட, 1661இல் பிரான்சைவிட்டு ஓடியவர். இரண்டாம் சார்ள்ஸின் அரசவைக்கு ஷம்பேனின் சுவையைப் பழக்கியவர் என்பார்கள். பல ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. அவர் போகவில்லை. 1703இல் லண்டனில் இறந்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்தில், கவிஞர் மூலையில் அடக்கமானார்.